சும்மா இருந்தால் நின்றுபோகும் பெட்டி

ரொறன்ரோவில், மல்வேர்னில் இருந்த அந்த வீட்டின் பின்கதவைச் சாத்திவிட்டு நடக்கத் தொடங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. தோளில் ஒரு பை. கையில் குளிர்காலச் சப்பாத்துகளைப் போட்டுக் கட்டிய குப்பைப் பை. பஸ் தரிப்பு வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. நான் அதில் நிற்காமல் அடுத்த தரிப்பு வரைக்கும் நனைந்துகொண்டு போனேன். முதல் தரிப்பில் நின்றால் பேஸ்மன்ற் யன்னல் தெரியும். புல்லுக்கு ஒரு சாண் மேலே இருக்கிற சின்ன யன்னல். பகலிலும் அதற்குள் ஒரு கொம்பியூட்டர் திரையின் வெளிச்சம் இருக்கும். அந்தத் திரையில் ஒரு வெறும் கட்டில். அதற்கு முன்னால் கதிரையில் அண்ணை.

அண்ணை என்றால் எனக்குச் சொந்தமில்லை. ஒரே பேஸ்மன்றில் அவருக்கு ஓர் அறை, எனக்கு ஓர் அறை, நடுவில் குசினியும் அந்தக் கொம்பியூட்டர்ப் பெட்டியும். அவ்வளவுதான் உறவு.

வீடுகளை விட்டுப் போவது எனக்குப் பழக்கம். பத்தாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் பள்ளிக்கூடம் அகதி முகாம் ஆனது. நாங்கள் இருந்து படித்த வாங்குகளை அடுக்கி மறைப்புக் கட்டி அதற்குள் சனம் படுத்தது. பிறகு நான் எந்த வாங்கிலும் படிக்க இருக்கவில்லை. கொழும்பில் ஃபோன் திருத்தினேன், மலேசியாவில் கோப்பை கழுவினேன், ரொறன்ரோவில் கூரை வேலை, பேக்கரி, பெயின்ற் எல்லாம் பார்த்தேன். ஓர் இடத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது குறைவு. காரணம் கேட்டால் சொல்ல எதுவும் இருக்காது. இந்த முறை காரணம் இருந்தது.

அண்ணையின் அம்மா ஊரில் படுக்கையில் இருந்தா. பாரிசவாதம். கண்ணும் மங்கல். இவர் ஒரே பிள்ளை. இவருடைய அகதி வழக்கு முடியாமல் இழுபட்டுக்கொண்டிருந்ததால் விமானம் ஏற முடியாது. ஏறினால் திரும்பி வர முடியாது. அம்மாவைப் பார்க்க ஓர் அக்காவைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார். அந்த அக்கா கட்டிலுக்குப் பக்கத்து யன்னற்படியில் ஒரு ரப்லெற்றைச் சாய்த்து வைத்திருந்தா. இங்கிருந்து அழைத்தால் அது தானாகவே எடுத்துக்கொள்ளும்படி செய்திருந்தோம். அந்த அக்காவுக்கு அதில் எதையும் அமத்தத் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

வீடியோ கோல் நாள் முழுக்கத் திறந்திருக்கும். எங்கள் ஆட்கள் பலர் வீட்டில் இப்படித்தான். கதைப்பதற்காக அல்ல. அங்கே நாய் குலைக்கும், இங்கே சட்டி விழும், இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டிருக்கும். இடைக்கிடை அம்மா கண்ணைத் திறக்காமலே கூப்பிடுவா.

“மோனை, இருக்கிறியோ?”

“ஓம் அம்மா, இருக்கிறன்.”

அதோடு அவ திரும்பவும் நித்திரையாகிவிடுவா. அண்ணைக்கு வேறு எதுவும் தேவையாக இருக்கவில்லை. அம்மாவைக் காப்பாற்ற முடியாது என்று அவருக்குத் தெரியும். போய்க் கொள்ளி வைக்க முடியாது என்றும் தெரியும். கூப்பிடும்போது பதில் சொல்ல ஆள் இருக்கவேண்டும், அவ்வளவே. அவர் விடியற்காலையில் பேக்கரி வேலைக்குப் போய் மதியத்துக்கு முன் வருவார். அதுவரைக்கும் கதிரையில் நான் இருப்பேன். மதியத்துக்குப் பிறகு நான் ஒரு பிளாசாவில் பழைய கொம்பியூட்டர் விற்கிற கடைக்குப் போவேன். என் நேரத்தில் அம்மா கூப்பிட்டால் நான்தான், “ஓம் அம்மா, இருக்கிறன்” என்று சொல்வேன். குரல் வித்தியாசம் அவவுக்குத் தெரியவில்லை. தெரிந்தும் விட்டுவிட்டாவோ, அதுவும் தெரியாது.

அந்தப் பெட்டியை நான்தான் கடையிலிருந்து கொண்டுவந்தேன். ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்டது. மதர்போர்ட் ஒன்றிலிருந்து, பவர் சப்ளை இன்னொன்றிலிருந்து என்று பொருத்தியது. ஃபோனில் அம்மாவின் முகம் சின்னதாகத் தெரிகிறது, பெரிய திரை வேண்டும் என்று அண்ணை கேட்டிருந்தார்.

வந்த கிழமையே அது அடிக்கடி இறுகியது. படம் அப்படியே நிற்கும். மவுசும் அசையாது, ஒன்றும் அசையாது. பவர் பட்டனைப் பிடித்து அமத்தி அணைத்துத் திரும்பப் போடவேண்டும். நான் அதைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பாரமான வேலை கொடுத்துப் பார்த்தேன். ஓர் இரவு முழுக்கக் கொதிக்கக் கொதிக்க ஓடியது. ஒரு குறையும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தால், அம்மா நித்திரையாகி அறை அமைதியான பிறகு, நின்றுவிடும்.

வேலை கொடுத்தால் நிற்காது, சும்மா விட்டால் நிற்கும். கூரை வேலையில் இப்படி ஆட்களைப் பார்த்திருக்கிறேன். பெட்டியில் பார்த்தது அதுதான் முதல் தரம்.

இணையத்தில் இதே தொல்லைப்பட்டவர்கள் எழுதியதை என் அரைகுறை ஆங்கிலத்தில் வாசித்து வாசித்துத்தான் விளங்கியது. இந்தக் காலத்துப் புரொசெசர் வேலை இல்லாத ஒவ்வொரு கணமும் நித்திரை கொள்கிறது. நாங்கள் கண் சிமிட்டுகிற நேரத்துக்குள் எத்தனையோ தரம் படுத்து எத்தனையோ தரம் எழும்புகிறது. அந்த நித்திரையிலும் படிகள் இருக்கின்றன. மேல்படியில் கண்ணை மட்டும் மூடுகிறது. அடிப்படியில் தனக்கு வருகிற மின்சாரத்தையே ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. அதனால் கரண்ட் மிச்சம், சூடு குறைவு, காற்றாடிச் சத்தமும் இல்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த ஆழத்திலிருந்து எழும்புகிற கணத்தில் மின்சாரம் சட்டென்று, சரியான அளவில் வரவேண்டும். பவர் சப்ளை பழசாகவோ, அந்த போர்டோடு ஒத்துப்போகாததாகவோ இருந்தால், ஆயிரம் தரம் எழும்பிய பெட்டி ஒருதரம் எழும்பாமல் விட்டுவிடும்.

மருந்தும் அங்கேயே எழுதியிருந்தது. கொம்பியூட்டர் தொடங்கும்போது உள்ளே போய்ச் செற்றிங்கை மாற்றி, அந்த அடிப்படி நித்திரையைத் தடுக்கவேண்டும். தடுத்தேன். அதற்குப் பிறகு பெட்டி நிற்கவே இல்லை. பதிலுக்கு எந்த நேரமும் சுட்டது. காற்றாடி விடாமல் இரைந்தது.

வீட்டுக்காரி மேல்மாடியில் இருந்தா. நாங்கள் அன்ரி என்போம். கரண்ட் காசு வாடகைக்குள் அடக்கம் என்பதால் ஒரு நாள் படியில் நின்று கீழே எட்டிப் பார்த்தா.

“உந்தப் பெட்டிக்குள்ளை என்ன, புட்டு அவிக்கிறியளோ? மேலை நிலம் சுடுது.”

“அன்ரி, அது ஆழமா நித்திரை கொண்டா எழும்பாது. அதுதான் முழிப்பா வைச்சிருக்கிறம்” என்றேன்.

“ஹைட்றோக்காரன்ரை கரண்ட் பில் வந்தா நானெல்லோ நித்திரையில்லாமல் முழிச்சிருக்கப்போறன்.”

அண்ணை கதிரையை விட்டு எழும்பினார். “அன்ரி, வின்ரருக்கு வாசலிலை கொட்டுற சினோ முழுக்க நான் தள்ளுறன். புல்லும் நான் வெட்டுறன்.”

“அது இப்பவும் நீர்தானே செய்யிறீர்?”

“இனிச் சந்தோசமாச் செய்யிறன்.”

அன்ரி சிரித்துவிட்டா. திரையில் கிடந்த அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தா. “மனிசிக்குப் போர்வை சரிஞ்சு கிடக்குது, அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லும்” என்றுவிட்டு மேலே போனா. பிறகு கரண்ட் கதை எடுக்கவில்லை.

அப்படியே குளிர்காலம் போய்க் கோடை வந்தது. அண்ணை கொஞ்சம் உடம்பு வைத்தார். பேக்கரியிலிருந்து மிஞ்சிய பாண் கொண்டுவந்து கதிரையில் இருந்தபடியே சாப்பிடுவார். சில நாளில் அம்மா, “சாப்பிட்டியோ?” என்றும் கேட்பா. அதுவும் நடந்தது.

அந்த இடிமழை ஒரு மத்தியானம் வந்தது. நான் கடையில் இருந்தேன். வீட்டில் நடந்ததை அண்ணை பிறகு சொல்லித்தான் அறிந்தேன்.

ஊரில் இடி இடித்தால் எல்லாவற்றையும் கழட்டவேண்டும். ரேடியோ, ரிவி, அன்ரெனா வயர், ஒன்றையும் சுவரில் விடக்கூடாது. இங்கே அப்படி யாரும் செய்வதில்லை. வீட்டு வயரிங்கே அதைத் தாங்கும் என்கிறார்கள். இங்கே பிறந்த பிள்ளைகள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனாலும் மேகம் கறுத்தால் எங்கள் கை தானாகவே பிளக்குக்குப் போகும். என் கையும்தான்.

அன்ரி மேலேயிருந்து கத்தியிருக்கிறா. “இடி கிட்ட விழுகுது! எல்லாத்தையும் கழட்டுங்கோ!”

அந்தப் பெட்டியை நான் கடைசியாகக் கடையிலிருந்து கொண்டுவந்து வைத்த நாளிலிருந்து அண்ணை அதைச் சுவரிலிருந்து கழட்டியதில்லை. இடி வந்தபோதும் கழட்டியதில்லை. அன்றைக்கு வீட்டு லைற் ஒருதரம் மங்கி எரிந்தது. பெட்டி எரிந்துபோனால் பிறகு எப்படி அம்மாவைப் பார்ப்பது என்று பயந்திருக்கிறார். அங்கே அப்போது இரவு. அம்மா நித்திரைக்குப் போகிற நேரம். சொல்லிவிட்டுக் கழட்டுவோம் என்று அவர் திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

“அம்மா, இஞ்சை இடி. கொஞ்ச நேரம் நிப்பாட்டிப்போட்டு வாறன்.”

அம்மாவுக்கு அது விளங்கியது. மற்ற எல்லாம் மறந்துபோன மனிசி அதை மறக்கவில்லை.

“இடியெண்டா கழட்டு மோனை. கழட்டு, கழட்டு.”

அவர் கழட்டினார்.

மழை விட்ட பிறகு திரும்பக் கொழுவினார். கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதி, தொடர்வதற்கு ஒரு பட்டனை அமத்தச் சொன்னதாம். அமத்தினார். எல்லாம் வழக்கம் போல வந்தது. அழைப்பைப் போட்டார், ரப்லெற் எடுத்தது. சாமி விளக்கின் வெளிச்சத்தில், நுளம்பு வலைக்குள் அம்மா நித்திரை.

மதர்போர்டில் ஒரு சின்னப் பற்றறி இருக்கும். ஒரு குத்திக் காசு அளவில் வட்டமாக, வெள்ளி நிறத்தில். பெட்டிக்குச் சுவரிலிருந்து கரண்ட் வராத நேரத்தில் செற்றிங்குகளை ஞாபகம் வைத்திருப்பது அதுதான். அந்த போர்டில் இருந்த பற்றறி எப்போதோ செத்துவிட்டது. பிளக் சுவரில் இருக்கும்வரைக்கும் அது செத்தது வெளியில் தெரியாது. கழட்டிய உடனே பெட்டி எல்லாவற்றையும் மறந்து, கொம்பனி விட்ட நிலைக்குப் போய்விட்டது. அந்த நிலையில் அடிப்படி நித்திரைக்குத் தடை இல்லை.

பின்னேரம் நான் வந்தபோது நிலத்திலிருந்து மழை மணம் வந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்ததும் ஏதோ குறைவது போல இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை. அண்ணை கதிரையில் இருந்தார்.

“தம்பி, அங்கை கரண்ட் போட்டுது போலை. வலை ஆடேல்லைப் பார். ஃபான் நிண்டிட்டுது. மனிசிக்கு வேர்க்கப்போகுது.”

திரையைப் பார்த்தேன். கட்டிலுக்கு மேலே சுற்றுகிற ஃபானின் காற்றில் வலை எப்போதும் லேசாக ஆடிக்கொண்டிருக்கும். இப்போது ஆடவில்லை. வலைக்குள் அம்மா ஒருக்களித்துப் படுத்திருந்தா. கண் மூடியிருந்தது. ஊரில் கரண்ட் போவது புதினமில்லை. ரப்லெற்றில் சார்ஜ் இருக்கும்வரைக்கும் படம் வந்துகொண்டிருக்கும் என்பதும் எங்களுக்குப் பழக்கம்.

“எவ்வளவு நேரமா?”

“கன நேரம். அக்காவும் நித்திரை போலை, கூப்பிட்டன், சத்தமில்லை.”

அப்போதுதான் குறைந்தது எது என்று தெரிந்தது. காற்றாடியின் இரைச்சல் இல்லை. பெட்டியில் கையை வைத்தேன். குளிர்ந்திருந்தது. மவுசை அசைத்தேன்.

“அண்ணை, இது நிண்டிட்டுது.”

“எது?”

“பெட்டி.”

அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். “அப்ப உது அம்மா இல்லையோ?”

நான் பட்டனைப் பிடித்து அமத்தினேன். அம்மா மறைந்தா. பெட்டி எழும்புகிற அந்தக் கொஞ்ச நேரம் அண்ணை இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழைப்பைப் போட்டோம். ரப்லெற் எடுத்தது.

அறையில் பெரிய லைற் எரிந்தது. வலையைச் சுருட்டி மேலே போட்டிருந்தார்கள். அக்காவின் முதுகு தெரிந்தது. பக்கத்து வீட்டார் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் அம்மாவின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தார். மேலே ஃபான் சுற்றிக்கொண்டிருந்தது.

அக்கா மறைக்காமல் சொன்னா. மறைக்கத் தெரியாத பிள்ளை.

“அம்மா முழிச்சவ அண்ணை. உங்களைக் கூப்பிட்டவ, இருக்கிறியோ எண்டு. நான் ரப்லெற்றைப் பாத்தன், உங்கடை படம் இல்லை. எனக்கு உதிலை எடுக்கத் தெரியாதெல்லே. திரும்பவும் கூப்பிட்டவ. நான், அண்ணை வேலைக்குப் போட்டார் எண்டு சொன்னன். அப்ப சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திட்டா. மூச்சு ஒருமாதிரி இழுக்க, நான் பக்கத்து வீட்டை ஓடினன் ஃபோனுக்கு. அவையிட்டையும் உங்கடை நம்பர் இல்லை.”

அந்த நேரம் முழுக்க அண்ணை கதிரையில்தான் இருந்தார். ஒரு நிமிஷம்கூட எழும்பவில்லை. பாத்றூமுக்குக்கூடப் போகவில்லை என்று பிறகு சொன்னார். நித்திரையாய்க் கிடக்கிற அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

கொள்ளியை மச்சான்முறையான ஒருவர் வைத்தார். அண்ணை திரையில் பார்த்தார். துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். றிச்மண்ட் ஹில்லில் இருந்தெல்லாம் காரில் வந்து, சப்பாத்தைக் கழட்டிவிட்டுப் படியில் வரிசையாக இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். வயது போன மனிசிதானே, கஷ்டப்படாமல் போட்டா என்றார்கள். அண்ணை எல்லோருக்கும் ஓம் என்றார்.

அன்ரி கடைசிப் படியில் வந்து இருந்தா. “நானெல்லோ கழட்டச் சொன்னனான்” என்று அழுதா.

“இல்லை அன்ரி. அம்மாவும்தான் சொன்னவ” என்றார் அண்ணை.

ஆட்கள் வருவது ஓய்ந்த பிறகு ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். “தம்பி, உது இனி நிக்காமச் செய்துவிடு.”

 கடையிலிருந்து புதுப் பற்றறி கொண்டுவந்து போட்டேன். உள்ளே போய் அடிப்படி நித்திரையைத் தடுத்தேன். பிளக்கைக் கழட்டிக் கொழுவி, செற்றிங் போகாமல் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. பெட்டி பழையபடி இரையத் தொடங்கியது. அண்ணை அழைப்பைப் போட்டார்.

அங்கே வீட்டைப் பூட்டிவிட்டார்கள். அக்கா தன் வீட்டுக்குப் போய்விட்டா. ரப்லெற்றை யன்னற்படியிலேயே, சார்ஜில், வைத்துவிட்டுப் போகும்படி அண்ணை கேட்டிருக்கிறார். மெத்தையைச் சுருட்டிக் கொண்டுபோய்விட்டார்கள். கட்டில் பலகை மட்டும் இருந்தது. அதன்மேல் வெயில் ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போகும். பல்லி ஓடும். பிறகு இருட்டும். இருட்டிலும் அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

அது கொஞ்ச நாளில் தானாக விட்டுவிடும் என்று நினைத்தேன். அவர் பேக்கரிக்குத் திரும்பப் போகத் தொடங்கினார். முதல் நாள் விடிய, சப்பாத்தை மாட்டிக்கொண்டே சொன்னார்: “தம்பி, நான் வருமட்டும் ஒருக்காப் பார்.”

நான் போய்க் கதிரையில் இருந்தேன். பெட்டி அருமையாக ஓடியது. வலையில்லாத, மெத்தையில்லாத கட்டில் ஓர் அசைவும் இல்லாமல் தெரிந்தது. நின்றுவிட்டதோ என்று பார்க்க, மூலையில் இருக்கிற மணிக்கூட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. சில காலைகள் அப்படி இருந்தேன். ஒரு காலையில் எனக்கே தெரியாமல் வாய்க்குள், “ஓம் அம்மா” என்றேன். அன்றைக்குப் பையை அடுக்கினேன்.

அவர் வந்ததும் சொன்னேன்.

“எங்கை போறாய்?”

“பிறம்ரன். தெரிஞ்ச பெடியன் ஒருத்தன் நிக்கிறான். வேலை இருக்காம்.”

“சாப்பிட்டிட்டுப் போவன். பாண் கிடக்கு.”

“வேண்டாம் அண்ணை.”

அவர் ஏற்கெனவே கதிரையில் இருந்துவிட்டார். திரும்பாமலே கேட்டார்.

“உது இனி நிக்காதே?”

“நிக்காது அண்ணை.”

உண்மையைத்தான் சொன்னேன். அது நிற்காது. அன்ரிக்குச் சொல்லாமல் பின்கதவால் வந்துவிட்டேன்.

இரண்டாவது தரிப்பில் பஸ் வந்தது. பஸ், சப்வே, திரும்பவும் பஸ். நகரத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போக ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. ஈரச் சட்டை உடம்பிலேயே காய்ந்தது. அந்தப் பெடியன் சோபாவைக் காட்டினான். நான் படுத்தேன். நித்திரை வரவில்லை. என்ன நடந்தது என்று அவன் கேட்கவில்லை. இப்படி வருகிறவர்களிடம் கேட்கக்கூடாது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

காலையில் அவனுடைய காரில் வெயார்ஹவுசுக்குப் போனோம். கழித்த எலெக்ட்ரோனிக் சாமான்களை உடைத்துப் பிரிக்கிற இடம். கூரை உயரத்துக்குக் கொம்பியூட்டர்கள் குவிந்திருந்தன. சுப்பர்வைசர் தலைப்பாகை கட்டிய, வயது போன பஞ்சாபிக்காரர். ஆங்கிலத்தில் கேட்டார்.

“கொம்பியூட்டர் தெரியுமா?”

“கொஞ்சம்.”

“இங்கே தெரியத் தேவையில்லை.”

ஒரு மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பக்கத்தில் ஒரு பெட்டி நிறைய மதர்போர்டுகள். காலடியில் ஒரு வாளி. தட்டையான சின்ன ஸ்க்ரூட்றைவர் ஒன்றைத் தந்தார். போர்டுகள் அரைக்கிற மெசினுக்குப் போகுமுன் அந்த வட்டப் பற்றறியைக் கிண்டி எடுக்கவேண்டும், ஒன்று தவறிப் போனாலும் உள்ளே நெருப்புப் பிடிக்கும் என்றார். ஒன்றைக் கிண்டிக் காட்டினார். அது துள்ளி அவருடைய உள்ளங்கையில் விழுந்தது.

“இது நல்லதா, செத்ததா?” என்று கேட்டேன்.

“யாருக்குத் தெரியும்? அதெல்லாம் பார்க்காதே. எல்லாம் வாளிக்குள்.”

அதைப் போட்டார். நான் கையுறையை மாட்டிக்கொண்டு அடுத்த போர்டை எடுத்தேன்.